ஒன்று என்றால் பொறு, இரண்டு என்றால் பாய்

ஆகஸ்ட் 1
எடை 84.6

இந்த நோட்டைக் கொடுத்தவர் பிசியோ ஹரிணி மேடம். கேம்ப் முடிகிறவரை தினமும் எடை, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் எழுத வேண்டுமாம். லீக்கில் எடை வரம்பு 85 கிலோ. ஒரு தோசை கூடினால் வெளியே நின்று கைதட்ட வேண்டியதுதான்.

சாப்பாடு: இட்லி எட்டு, முட்டை ஆறு, மத்தியானம் கோழி. தூக்கம்: இனிமேல்தான் தெரியும்.

ஓசூருக்கு வெளியே ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் கபடி கேம்ப். மொத்தம் இருபத்து மூன்று பேர். பதினேழு பேர் ஏலத்தில் எடுக்கப்பட்டவர்கள். மீதி ஆறு பேர் என்னைப் போல, யாரும் எடுக்காமல் விட்டவர்கள். ஏலத்தன்று என் பெயரையும் வாசித்தார்கள்: "இசக்கிராஜா, டிபென்டர், தூத்துக்குடி மாவட்டம்." எந்த மேசையிலும் ஒரு கை எழவில்லை. நாலு விநாடிதான், அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா மட்டும், "நல்லவேளை கரண்டு போவல" என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பத்து நாள் கழித்து கோச் எத்திராஜ் சார் போன் செய்தார். சம்பளம் கிடையாது, சாப்பாடும் கட்டிலும் உண்டு, வந்து ஆடிக் காட்டு என்றார். வந்துவிட்டேன்.

மெஸ் மாஸ்டர் எங்கள் ஆறு பேருக்கும் 'மிச்சப் பார்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டார். கோழியில் கழுத்தும் முதுகும் எங்கள் தட்டுக்குத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 3
எடை 84.8

அறைத் தோழன் தெய்வசிகாமணி, ஒரத்தநாடு பக்கம். இருபத்திரண்டு வயது. அவனும் மிச்சப் பார்ட்டி. ஊர் ஊராக ஆடிப் பரிசு வாங்கியதில் அவன் வீட்டில் பதினேழு கப், மூன்று அண்டா, ஒரு கிடா. "கிடா இன்னும் இருக்காலே?" என்று கேட்டேன். "அது அன்னைக்கே கொழம்பாயிருச்சு மாப்ள" என்றான். பார்த்த அரை நாளிலேயே நான் அவனுக்கு மாப்ள. எனக்கு அவன் சிகா.

அவன் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நிற்பவன். எதிரி பாடி வரும்போது கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது அவன் வேலை. நான் அவனுக்கு அடுத்து உள்பக்கம் நிற்கிற லெஃப்ட் இன். அவன் வலது கையை என் இடது கை பிடித்திருக்க வேண்டும். அவன் பாய்ந்தால் கூடவே பாய்ந்து வந்தவனை மறித்துச் சாய்ப்பது என் வேலை. கைதட்டு கார்னருக்கு, முழங்கை அடி எனக்கு. எப்போதும் அப்படித்தான்.

ஆனாலும் இன்று அவன் பிடித்த ஒரு பிடியைப் பார்த்து, ஏலத்தில் எடுக்கப்பட்ட அந்த ஏலக்காரர்களே கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5
எடை 84.5

அப்பா போன்.

"ஏல, அத்தான் ஒனக்கு டிக்கெட் எடுத்துட்டாவளாம். இருவத்தேழாந் தேதி, திருவனந்தபுரத்துலருந்து."

"சரிப்பா."

"மஸ்கட்டுல கடையில ஆள் இல்லாம கெடக்காம். நீ என்ன சொல்லுத?"

"இருவதாந் தேதி லிஸ்ட் போடுவாவப்பா. அப்பத் தெரிஞ்சிரும்."

"வருசா வருசம் இதத்தான சொல்லுத."

எனக்கு இருபத்தாறு ஆகப்போகிறது. போலீஸ் செலக்ஷனில் கடைசி வரை போய் இரண்டு தடவை திரும்பியாயிற்று. அப்பா சொல்வதில் தப்பில்லை. மஸ்கட்டில் அரிசி மூட்டை அடுக்கவும் உடம்பு வேண்டும், அங்கே எடை வரம்பு கிடையாது.

ஆகஸ்ட் 8
எடை 84.7

நாலு துணி துவைத்தேன். முழங்கால் பட்டை காயவே மாட்டேன் என்கிறது.

இன்று நானும் சிகாவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கார்னர் பாயும்போது அவன் கண் எதிரியின் காலில் இருக்கும். பக்கத்திலிருப்பவன் தயாரா என்று திரும்பிப் பார்த்தால் அதற்குள் கால் போய்விடும். அதனால் கைதான் சொல்ல வேண்டும். நான் அவன் உள்ளங்கையை ஒரு முறை அழுத்தினால் பொறு. இரண்டு முறை அழுத்தினால் பாய், நான் பின்னாலேயே வருகிறேன். வாய் திறக்க வேண்டாம், எதிரிக்கும் தெரியாது.

சாயங்காலம் ஒன்பது முறை முயன்றோம். எட்டு முறை ஆள் எங்கள் காலடியில். கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தீங்களாடா?" என்றார். நான்கு மாதமாக யாரும் என்னை நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. அறைக்கு வந்து கொஞ்சம் அழுதேன். சிகா குளித்துக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9

நோட்டை இதுவரை யாரும் கேட்கவில்லை. இனி கேட்கப்போவதும் இல்லை. எனவே இது என் நோட்டு.

ஆகஸ்ட் 11
எடை 84.4

காலையில் கோச் எங்கள் ஆறு பேரையும் ஆடுகளத்து ரப்பர் மேட்மேல் உட்காரவைத்தார்.

"லிஸ்ட் பதினெட்டு பேர். பதினேழு ஏலத்துலயே ரொம்பியாச்சு. இருக்குறது ஒரு எடம். அதுக்கு டிபென்டர்தான் எடுப்பேன். பாடிப் போற ரெய்டர் நாலு பேரும் மன்னிச்சுக்குங்கப்பா. நல்லா ஆடுனீங்க."

நாலு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. பை தைரியமாகத் தோளில் இருந்தது, முகங்கள்தான் தொங்கிப்போயிருந்தன. மெஸ் மாஸ்டர் ஓடிவந்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். மனுஷன் கெட்டவர் இல்லை.

மிச்சத்தில் மிச்சம் நானும் சிகாவும். இடம் ஒன்று.

"எப்புடி மாப்ள எடுப்பாரு?" என்றான் சிகா. "ஒருத்தன் கைய ஒருத்தன் விட்டா ரெண்டு பேருமே ஆட்டத்துல இல்ல. சேத்துத்தானே பாக்கணும்?"

"பாப்போம்லே" என்றேன்.

சேர்த்துப் பார்த்தால் எப்போதும் கண்ணில் படுவது கார்னர்தான். இதை அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13
எடை 84.4

சிகாவின் வலது கையில் ஏதோ சரியில்லை. பிடித்துக்கொண்டு நிற்கும்போது மோதிர விரல் என் கையில் படவே இல்லை, விலகி நிற்கிறது. அறைக்கு வந்ததும் கேட்டேன். முதலில் சிரித்தான். டேப்பைப் பிரித்ததும் விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"எப்பலேருந்துலே?"

"நேத்து. மாப்ள, மேடத்துகிட்ட சொல்லிப்புடாத. தெரிஞ்சா இன்னைக்கே பஸ் ஏத்திருவாங்க. ஒரு வாரந்தானே?"

"சொல்லமாட்டேன்."

"அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா."

சந்தேகம் வராமலிருக்க இரண்டு கையிலும் டேப் சுற்றிவிட்டேன். "டேப்புக்கு மேல அழுத்துனா தெரியுதாலே?" என்று கேட்டேன். "நல்லா அழுத்து, தெரியும்" என்றான். அவன் ஷூவுக்கு நாடா கட்டியதும் நான்தான். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்ததும் நான்தான். சப்பாத்தியைப் பிய்த்து வைத்தபோது ஏலக்காரர்கள், "கல்யாணம் எப்போ?" என்று கேலி செய்தார்கள்.

சிகா நல்லவன்.

ஆகஸ்ட் 15
எடை 84.6

கொடியேற்றம், மிட்டாய். அரை நாள் பயிற்சி.

உடைந்த விரலோடும் சிகா ஆறு பேரைப் பிடித்தான். கேப்டன் தரம்வீர் அவன் தோளில் தட்டினார். ஏலத்தில் அதிக விலைக்குப் போன லெஃப்ட் கார்னர் அவர். சிகா நிற்பது அவர் இடத்தில். அவர் தட்டினால் அதற்கு மதிப்பு வேறு. என் தோளிலும் தட்டுவார் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். ஷூ நாடா கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அக்கா போட்டோ அனுப்பியிருக்கிறாள். மஸ்கட்டில் எனக்கு ஒதுக்கிய கட்டில். அதன்மேல் புதுப் போர்வை விரித்திருக்கிறாள், பூப்போட்டது.

ஆகஸ்ட் 16
எடை 84.5

நாளை பெங்களூரிலிருந்து ஒரு டீம் வருகிறது. கடைசிப் பயிற்சி ஆட்டம். அதை வைத்துத்தான் முடிவு என்று கோச் சொல்லிவிட்டார். பேச்சுவாக்கில் சிகாவிடம், "உன்னாட்டம் பாயுறவன் பத்து வருஷத்துக்கு ஒருத்தன்தான் வருவான்" என்றும் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

சாப்பாடு: சரியாகப் போகவில்லை. தூக்கம்: இல்லை.

ஆகஸ்ட் 17
எடை 84.3

29-31. தோற்றோம்.

மூன்று நிமிடம் மீதி. எதிரணியில் நெட்டையான ஒரு ரெய்டர், ஒன்பதாம் நம்பர், எங்கள் ஓரத்துக்குப் பாடி வந்தான். சிகா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். நான் கூடப் போயிருக்க வேண்டும். மேட்மேல் வேர்வை. எனக்கு வழுக்கிவிட்டது. அந்த நெட்டையன் சிகாவை இழுத்துக்கொண்டே நடுக்கோடு வரை போய்விட்டான். சிகாவின் தோள் இறங்கிவிட்டது. கத்தவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. மேடம் டேப்பை வெட்டியபோது விரலும் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

இரண்டு முறை அழுத்தினேனா, ஒரு முறையா என்று கேட்டால் நினைவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

ஆகஸ்ட் 18
எடை 83.1

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போனார்கள். எனக்குத் துவைக்க நிறைய இருந்தது. சிகாவின் துணியையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டு மடித்து அவன் பையில் வைத்தேன். ஷூ நாடாவை அவிழ்க்காமல் அப்படியே வைத்தேன்.

தோளில் ஆபரேஷனாம். ஆறு மாதம். ஒரத்தநாட்டிலிருந்து அவன் அண்ணன் வந்திருக்கிறாராம்.

சாப்பாடு: நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19
எடை 82.4

எடை மெஷினில் கோளாறு இருக்கும்.

கோச் என்னை மட்டும் கூப்பிட்டு வீடியோவைப் போட்டார். அந்த இடத்தில் நிறுத்தினார். திரையில் சிகா காற்றில் இருக்கிறான். நான் பின்னால் போகிறேன்.

"ஏன்டா பின்ன போன?"

"வழுக்கிருச்சு சார்."

"வழுக்கினவன் விழுவான். நீ நிக்கிற."

கோச் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அவனுக்கு சிக்னல் குடுத்தியா?"

"ஒண்ணு குடுத்தேன் சார். பொறுன்னு."

கோச் அதே இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு, "வீடியோல கை தெரியல" என்றார். "அவன்கிட்டயும் கேட்டேன். ரெண்டு வந்த மாதிரி இருந்துச்சு, ஆனா விரல் மரத்துக் கெடந்துச்சு, டேப் வேற, நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு சொல்றான். விரல மறைச்சதுக்கு அழுவுறான்."

அவனே அப்படிச் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 20
எடை 82.0

லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். பதினெட்டாவது பெயர் என்னுடையது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஏல, நெசமாவா? டிவியில எப்ப வருவ? நான் அத்தான்ட்ட சொல்லி டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லுதேன்" என்றார். பின்னால் அம்மா தெருவில் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. சாயங்காலம் கடைத்தெரு முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார்களாம்.

மெஸ் மாஸ்டர் எனக்குக் கோழித் தொடை வைத்தார். "இனி நீ மிச்சம் இல்லப்பா" என்றார். தொடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22
எடை 81.2

கேப்டன் தரம்வீருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். ஹரியானாக்காரர், ஐந்து வருடமாகத் தமிழ்நாட்டில் ஆடுகிறார். நாங்கள் செய்திருந்த ஏற்பாட்டை அவருக்குச் சொன்னேன், ஒன்று என்றால் பொறு, இரண்டு என்றால் பாய் என்று. முழுக்கக் கேட்டுவிட்டு, "அழுத்து வேணாம் தம்பி. நான் பாத்துக்கும்" என்றார்.

பார்த்தும் கொள்கிறார். ஒவ்வொரு முறையும் பாய்வதற்கு முன் தலையைத் திருப்பி, நான் இருக்கிறேனா என்று என்னைப் பார்க்கிறார். அதற்குள் எதிரியின் கால் போய்விடுகிறது. இன்று எட்டு முறையும் போய்விட்டது. கோச் விசில் அடித்து, "கேப்டன், ஏன் திரும்புறே?" என்று கத்தினார். கேப்டன் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பதினேழாம் தேதி அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஓரத்துக்கு நேர் பின்னால்.

அவர் என் கையைப் பிடிப்பதும் இல்லை. என் மணிக்கட்டைத்தான் பிடித்துக்கொள்கிறார், திருடனைப் பிடிப்பதுபோல.

ஆகஸ்ட் 24
எடை 80.5

சிகா போன் செய்தான். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். ஊருக்குக் காரில் படுத்துக்கொண்டே போனானாம்.

"வாழ்த்துக்கள் மாப்ள. நம்ம ஆறு பேருல ஒருத்தனாச்சும் உள்ள போனியே. வெட்டியா வந்தோம்னு ஆவல."

"தோளு எப்படிலே இருக்கு?"

"அது கெடக்குது. மாப்ள, ஒண்ணு கேக்கவா? கோச்சுகிட்ட எது சொன்னியோ அது எனக்கு வேணாம். எனக்கு மட்டும் சொல்லு. நீ அழுத்துனது ரெண்டுதானே?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு ரெண்டுதான்டா வந்துச்சு. ஆனா விரல் மரத்துக் கெடந்துச்சா, டேப்பு வேறயா. நானா நெனச்சிக்கிட்டனோன்னு ஒரு வாரமா தூக்கமே இல்ல. கண்ண மூடுனா கையிதான். ஒண்ணா ரெண்டா, ஒண்ணா ரெண்டான்னு. ஒரு கார்னருக்கு அதுகூடத் தெரியலன்னா அவன் என்னாத்துக்குடா கார்னரு? அத மட்டும் சொல்லிரு, தூங்கிருவேன்."

"ஒண்ணுதான் சிகா" என்றேன்.

"அப்ப என் கையிதான் கெட்டுப் போயிருக்கு. சரி மாப்ள. தோளு சரியானாலும் இனிமே நான் கார்னர்ல நிக்கப்போறதில்ல. நீ நல்லா ஆடு."

போனை வைத்த பிறகு பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். இதற்கு மேல் எடை மெஷினைக் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 25
எடை 79.8

காலைப் பயிற்சிக்கு முன் ஹரிணி மேடம் எல்லோரிடமும் சொன்னார்: ஒன்பது மணிக்கு நோட்டுகளை வாங்கிக்கொள்வேன், கோச்சும் நானும் உட்கார்ந்து சீசனுக்கு எடைக் கணக்குப் போட வேண்டும். என்னைப் பார்த்து, "அஞ்சு கிலோ எங்கே போச்சு? உன் நோட்டைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார்.

அறையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எந்தப் பக்கத்தைக் கிழிப்பது என்று பார்க்கத்தான் படித்தேன். பதினேழாம் தேதியைக் கிழிக்கலாம். பத்தொன்பதையும் கிழிக்கலாம். அப்புறம் பதினைந்து இருக்கிறது, பதினாறு இருக்கிறது. எல்லாவற்றையும் கிழித்தால் இட்லியும் முட்டையும்தான் மிஞ்சும்.

எழுதிவிடுகிறேன். மேட் காய்ந்துதான் இருந்தது. எனக்கு வழுக்கவில்லை. நெட்டையன் இடது காலை ஊன்றினான். பிடிக்கத் தோதான நேரம் அது, நாங்கள் நூறு தடவை பழகிய நேரம். நான் சிகாவின் கையை இரண்டு முறை அழுத்தினேன். டேப்புக்கு மேலே தெரிய வேண்டும் என்று நன்றாக அழுத்தினேன். என்னை நம்பி அவன் பாய்ந்தான். நான் கையை விட்டுவிட்டுப் பின்னால் ஒரு அடி வைத்தேன். பிடி நழுவி அவன் அசிங்கப்படட்டும், கோச் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தோள் இறங்கும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் வைத்திருப்பேனோ என்னவோ.

நினைவில்லை என்று எழுதியது பொய். ஒரு நாளும் மறந்ததில்லை.

எழுதி முடித்ததும் முதலில் சிகாவுக்குப் போன் செய்தேன். கோச்சுக்கு முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் அண்ணன் எடுத்து அவன் காதில் வைத்தார்.

"சிகா, ரெண்டுலே" என்றேன். "ரெண்டுதான் அழுத்துனேன். நாந்தான் வரல."

கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் அழுகிற சத்தம்தான் கேட்டது.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்துருக்கு" என்றான்.

அவ்வளவுதான். மாப்ள என்று சொல்லவில்லை. போனை வாங்கி வைக்கச் சொல்லி அண்ணனிடம் சொல்வது கேட்டது.

மணி எட்டு ஐம்பது. அப்பாவிடம் மஸ்கட் டிக்கெட்டை கேன்சல் பண்ணியாயிற்றா என்று கேட்க வேண்டும். வராந்தாவில் மேடம் ஒவ்வொரு அறையாக நோட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். பக்கம் எதையும் கிழிக்கவில்லை.